ஊசியும் உயிரும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., வேதியியல்)

நம் மக்களுக்கு ஊசியின்மீது இருக்கும் நம்பிக்கை அலாதியானது. காய்ச்சல் என்று போனால் மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டரைவிட ஊசி போடும் டாக்டரே கைராசிக்காரர் என்பது எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம். "மாத்திரையெல்லாம் வேணாம் சார், ஒரு ஊசி போட்டு விட்டுடுங்க" என்று என் தாயார் கேட்பதைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவன் நான். அதிலும் சதையில் போடும் ஊசியைவிட 'நரம்பு ஊசி'க்கு மதிப்பு இன்னும் அதிகம். உண்மையில் அது நரம்பு அன்று, சிரை; உடலெங்கும் சுற்றிய இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வரும் குழாய். உணர்ச்சியைக் கடத்தும் நரம்புக்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை. ஆனால் மயிலாப்பூர் மாட வீதியில் பூ விற்கும் என் தாயாருக்கு இதை விளங்க வைக்க என்னால் இதுவரை முடியவில்லை. பாடப் புத்தகத்தைவிடப் பேச்சு வழக்கு வலிமை உடையது!

இந்த நம்பிக்கை மருத்துவரின் அறையோடு நின்றிருந்தால் நான் இக்கட்டுரையை எழுத நேர்ந்திராது. வலி தீர்க்கும் மாத்திரையைப் பொடி செய்து, நீரில் கலந்து, தம் கையிலேயே ஏற்றிக் கொள்ளும் இளைஞர்களைப் பற்றிச் சில ஆண்டுகளாகச் செய்தித்தாள்களில் படிக்கிறோம். அவர்கள் பெரும்பாலும் நம் வயதினர். சென்னைக்கு இது புதிதும் அன்று. 1980களில் 'பிரவுன் சுகர்' எனப்படும் ஹெராயின் இந்நகருக்குள் நுழைந்தது. முதலில் அதைப் புகைத்தார்கள். 1990களில் பலர் ஊசிக்கு மாறி, புப்ரெநார்பின் என்னும் வலி நீக்கும் மருந்தை ஏற்றிக் கொள்ளத் தொடங்கினார்கள். இன்று டேபண்டடால் போன்ற மாத்திரைகள் அந்த வரிசையில் வந்து நிற்கின்றன. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019இல் வெளியான நாடளாவிய கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஊசி வழியே போதை ஏற்றிக் கொள்வோர் சுமார் 8.5 லட்சம் பேர்.

2022 ஆகஸ்டு 11ஆம் நாள் தமிழகம் முழுவதும் போதைப் பொருளுக்கு எதிரான உறுதிமொழி எடுத்துக் கொண்டோம். அப்போது நான் பள்ளி மாணவன். வெயிலில் வரிசையாக நின்று, வலக்கையை நீட்டி, சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னோம். 'தொடாதே' என்பது அதில் இருந்தது. 'ஏன்' என்பது இல்லை. அறிவியல் மாணவனுக்கு 'ஏன்' இல்லாத 'தொடாதே' தொண்டையில் சிக்கிய மீன் முள் போன்றது. எனவே அறிவுரையை மேடைப் பேச்சாளர்களுக்கு விட்டுவிட்டு, ஊசி உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை மட்டும் இங்கே சொல்லப் புகுகிறேன்.

நம் உடல் ஒரு கோட்டை என்று வைத்துக் கொள்வோம். அதன் மதில் தோல். வெளியிலிருந்து வரும் எதுவும் வாய் என்னும் வாயிலின் வழியாகத்தான் வரவேண்டும். வந்ததை வயிற்றின் அமிலம் முதலில் விசாரிக்கிறது. பல கிருமிகள் அங்கேயே மடிகின்றன. குடல், கரையக் கூடியதை உறிஞ்சிக் கொண்டு கரையாததைக் கழிவாக வெளியே தள்ளிவிடுகிறது. உறிஞ்சப்பட்டதும் நேராக உடலுக்குள் பரவுவதில்லை. தனிச் சிரை ஒன்றின் வழியே கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதில் ஒரு பங்கைச் சிதைத்த பிறகே மிச்சம் இதயத்தை அடைகிறது. மாத்திரை அட்டையில் இத்தனை மில்லி கிராம் என்று அச்சிட்டிருக்கிறதே, அது இந்தக் காவல்களையெல்லாம் கணக்கில் கொண்டு குறித்த அளவு. ஊசி இந்தக் காவல் அனைத்தையும் ஒரே குத்தில் தாண்டிவிடுகிறது. வயிற்றுக்கென்று செய்த பொருள், வயிறு இல்லாத வழியில் போகிறது. இவ்வளவுதான் விஷயம், மற்றத் தீங்குகள் பெரும்பாலும் இதிலிருந்து பிறப்பவையே.

மாத்திரையில் இருப்பது மருந்து மட்டும் அன்று. பல மாத்திரைகளில் மருந்தின் அளவு மிகச் சிறிது; அதைக் கையில் பிடிக்கத்தக்க உருவமாக்க ஸ்டார்ச்சு, செல்லுலோஸ், டால்க் என்னும் முகப்பவுடர்க் கல்பொடி, சிலிக்கா முதலியவற்றைச் சேர்த்து அழுத்துகிறார்கள். ஒருநாள் செய்முறை வகுப்பு முடிந்த பின், எங்கள் பேராசிரியரின் அனுமதியோடு ஒரு சோதனை செய்து பார்த்தேன். மருந்துக் கடையில் வாங்கிய சாதாரண பாராசிட்டமால் மாத்திரை ஒன்றைப் பொடித்துச் சோதனைக் குழாயில் நீர்விட்டுக் குலுக்கினேன். பால் போலக் கலங்கியது, தெளியவில்லை. பிளஸ் ஒன் பாடத்தில் படித்த 'தொங்கல்' இதுதான், கரைசல் அன்று. அதில் அயோடின் இரண்டு சொட்டு விட்டதும் கருநீலம் பூத்தது. அது ஸ்டார்ச்சின் அடையாளம். அந்தக் கலங்கலில் ஒரு சொட்டை விலங்கியல் துறை நண்பர் தம் நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். அரிசிக் குருணையைக் கொட்டி வைத்தாற்போல் இருந்தது காட்சி. கண்ணுக்குத் தெளிந்ததாகத் தோன்றிய மேல்நீரிலும் துகள்கள் மிதந்தன.

இப்போது அளவைப் பாருங்கள். மக்காச்சோள ஸ்டார்ச்சின் ஒரு மணி சராசரியாகப் பதினைந்து மைக்ரோமீட்டர். மைக்ரோமீட்டர் என்பது மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தந்துகிக் குழாயின் விட்டமோ 5 முதல் 10 மைக்ரோமீட்டர்தான். இரத்தச் சிவப்பணுவே உடலை வளைத்துக் கொண்டுதான் அதில் நுழைகிறது. கைச்சிரையில் ஏற்றியது இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நேரே நுரையீரலுக்குத் தள்ளப்படுகிறது. எனவே இத்துகள்களுக்கு முதல் சல்லடை நுரையீரலின் தந்துகிகள். அங்கே அவை அடைத்துக் கொண்டு நின்றுவிடுகின்றன. கல்பொடியைக் கரைக்க உடலில் எந்த நொதியும் இல்லை. வெள்ளணுக்கள் அதைச் சுற்றிக் கட்டுகட்டி, சிறு முடிச்சுகளாக ஆக்கிவிடுகின்றன. முடிச்சுகள் பெருகப் பெருக, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பின்னர் படுத்திருந்தாலே வாங்குகிறது. பஞ்சினால் வடிகட்டினால் போதும் என்று சிலர் எண்ணுவதாகக் கேள்விப்பட்டேன். நுண்ணோக்கியில் அந்தச் சொட்டைக் கண்ட எவரும் அப்படி எண்ணமாட்டார்.

துகளோடு கிருமியும் போகிறது. நம் தோலின்மீது ஸ்டஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா எப்போதும் குடியிருக்கிறது. வெளியே இருக்கும்வரை அதனால் பெருந்துன்பம் இல்லை. ஊசி முனையில் ஒட்டிக் கொண்டு உள்ளே போனால் குத்திய இடத்தில் சீழ்க்கட்டி உண்டாக்கும். இரத்தத்தோடு போய் இதயத்தின் வால்வில் உட்கார்ந்தால் வால்வையே அரித்துவிடும். சிரை என்று எண்ணித் தமனியில் குத்திவிட்டாலோ, அந்தத் தமனி ஊட்டும் விரல்களுக்கு இரத்தம் நின்று அவை கறுத்துப் போகும்.

இவ்விடத்தில் நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் தெருவில் ஓர் அண்ணன், பெயர் வேண்டாம். எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். எனக்கு இடம் கிடைத்த அன்று தம் பணத்தில் தெருவுக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்தவர் அவர். தியாகராய நகரில் ஒரு கிடங்கில் துணி மூட்டை தூக்கும் வேலை. தீபாவளி, பொங்கல் மாதங்களில் நள்ளிரவு வரை முதுகு நிமிராது. இடுப்பு வலிக்கு உடன் வேலை செய்த ஒருவர் மாத்திரை கொடுத்தார். வலி போயிற்று. வலி இல்லாத நாளிலும் மாத்திரை தேவைப்பட்டது. ஓராண்டுக்குள் அது ஊசியாயிற்று. சென்ற ஆண்டு சித்திரை வெயிலில் அவர் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு நடமாடியபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கையைப் பிடித்துப் பார்த்தேன். புறங்கை பூரி போல உப்பிச் சூடாக இருந்தது. "வாண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன். "வேணாம்டா தம்பி, போனா போலீஸ்ல புடிச்சுக் குடுத்துடுவாங்க" என்றார். அவருடைய தாயார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டுக் கொண்டிருந்தார். ஐந்து நாள் கழித்து ஜுரம் உச்சத்துக்குப் போனபின் தூக்கிக் கொண்டு ஓடினோம். முதலில் நுழைந்த தனியார் மருத்துவ மனையில் கையைப் பார்த்த மாத்திரத்தில் முகத்தைச் சுளித்து வெளியே அனுப்பினார்கள். பிறகு அரசு மருத்துவமனையில் சேர்த்து, சீழை அறுத்து எடுத்து, உயிரைக் காப்பாற்றினார்கள். இரண்டு விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. முன்னரே வந்திருந்தால் விரல்கள் தப்பியிருக்கும் என்று அறுவை செய்த டாக்டர் அந்த அம்மாளிடம் சொன்னார்.

அந்த ஐந்து நாளை எண்ணித்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதைப் பழக்கத்துக்கு ஆளானவர், பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டிருந்தாலும், தாமாக முன்வந்து அரசு அல்லது அரசு ஏற்ற நிலையத்தில் சிகிச்சை பெற்றால் அவருக்கு வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. உறுதிமொழி வாசித்த அன்று இந்த ஒரு வரியையும் சேர்த்து வாசித்திருக்கலாம் என்பது என் கருத்து.

இனி, ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் வாங்கிக் குத்திக் கொள்ளும் வழக்கத்துக்கு வருவோம். தனியாக வாங்கக் காசில்லாமலும், கையில் ஊசியோடு பிடிபடுவோமோ என்ற அச்சத்தாலும், நட்பின் பெயராலும் இது நடக்கிறது. சிரிஞ்சின் பிஸ்டனை முழுதும் அழுத்தினாலும் முனையில் சிறிது இடம் மிஞ்சும்; அதில் இரத்தம் தங்கும். அதைக் கண்ணால் காண முடியாது. நீரில் அலசினாலும் முழுதும் போகாது. சிரிஞ்சுக்குள் தங்கிய ஹெபடைடிஸ்-சி வைரஸ் 63 நாள் வரை உயிர்ப்புடன் இருந்ததை ஆய்வகச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி.யும் மூடிய சிரிஞ்சுக்குள் வாரக் கணக்கில் தாக்குப் பிடிக்கக் கூடியது. ஊசியைப் பகிரவில்லை, கலக்கிய நீரையும் பஞ்சையும் மட்டுமே பகிர்ந்தோம் என்பாரும் தப்புவதில்லை. இரத்தம் அவற்றிலும் கலந்துவிடுகிறது.

எச்.ஐ.வி. என்றால் சென்னைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளில்தான். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் சொன்னபடி மாதிரிகளைத் திரட்டியவர் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா. அப்போது அவர் நம்மைப் போல் படித்துக் கொண்டிருந்தவர்தாம்! மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சோதிக்கப்பட்டன. 'இங்கே அது வராது' என்று நாடே நம்பிய காலம் அது. டாக்டர் சுனிதி 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். தியாகராய நகர் ராமன் தெருவில் பல காலம் இயங்கிய இடம் அது. ஜவுளி வாங்க உஸ்மான் சாலைக்குப் போகும் நமக்கு, அருகிலேயே இப்படி ஒரு பணி நடந்தது என்பது தெரியாது.

அந்நிறுவனம் 2005, 2006ஆம் ஆண்டுகளில் சென்னையில் ஊசி வழியே போதை ஏற்றிக் கொள்வோர் ஆயிரத்துக்கு மேற்பட்டவரைச் சேர்த்து ஆராய்ந்தது. ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு எச்.ஐ.வி.; பாதிப் பேருக்கு மேல் ஹெபடைடிஸ்-சி. தொடர்ந்து கவனித்து வந்தபோது அவர்களுள் இறந்தவர்களின் மரணக் காரணங்களில் முதலிடம் பெற்றது எய்ட்ஸ் அன்று. அளவு மீறி ஏறிய மருந்து. பகிர்ந்த ஊசி எத்தனை வேகமாகப் பரப்பும் என்பதற்கு மணிப்பூர் சாட்சி. 1989இல் ஊசிப் பழக்கமுள்ளோரிடையே எச்.ஐ.வி. அங்கே முதலில் கண்டறியப்பட்டது; சில மாதங்களுக்குள் சோதித்தவர்களில் பாதிப் பேரிடம் அது இருந்தது.

அளவு மீறுவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹெராயின், டேபண்டடால் முதலியன ஒரே குலத்தைச் சேர்ந்தவை. வலியை அடக்கும் அதே கை, மூளையின் அடியில் முகுளத்தில் மூச்சை இயக்கும் மையத்தையும் அழுத்துகிறது. வாய் வழியே போனால் மெல்ல ஏறும். ஊசியில் சில நொடியில் ஏறிவிடும். திருத்திக் கொள்ள நேரம் இல்லை. சில வாரம் நிறுத்திவிட்டுப் பழைய அளவையே மறுபடி ஏற்றுகிறவருக்கு ஆபத்து மிக அதிகம். உடல் அதற்குள் பழக்கத்தை மறந்திருக்கும். உதடு நீலமாகி, குறட்டை போன்ற ஒலியோடு மூச்சு தடுமாறி, எழுப்பினாலும் எழாதவர் தூங்குகிறார் என்று விட்டுவிடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்கு உடனே அழைக்க வேண்டும். நலாக்சோன் என்னும் மாற்று மருந்து மருத்துவமனையில் உண்டு. நிமிடங்களில் மூச்சைத் திருப்பும்.

'நான் குத்திக் கொள்வதில்லை, எனக்கென்ன' என்பாருக்கு என் சித்தியின் கதை. அடையாற்றில் குப்பை அள்ளும் வேலை செய்பவர். கையுறையையும் மீறி ஒருநாள் ஊசி குத்திவிட்டது. போதை ஊசியா, யாரோ சர்க்கரை நோயாளி வீட்டிலிருந்து எறிந்த இன்சுலின் ஊசியா, யாரறிவார்? பின்னதே அதிகம் என்கிறார் சித்தி. படித்தவர் வீட்டுக் குப்பையிலும் மூடியில்லா ஊசி வருகிறதே! நோயுற்றவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ்-பி தொற்ற நூற்றுக்கு 6 முதல் 30 வரை வாய்ப்பு, சி வகைக்கு ஏறத்தாழ 2, எச்.ஐ.வி.க்கு ஆயிரத்துக்கு 3. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு நல்லது. சித்தி அன்றே போனார். இன்று நலமாக இருக்கிறார். ஹெபடைடிஸ்-பிக்கு முன்கூட்டியே போட்டுக் கொள்ளும் தடுப்பூசி உண்டு. குழந்தைகளுக்கு அது நாடு முழுவதும் விரிவானது 2011ஐ ஒட்டித்தான். ஆகவே நம் வகுப்பில் சிலர் அதைப் பெறாமலும் இருக்கலாம்.

சிகிச்சை இருக்கிறதா என்றால், முன் எப்போதையும்விட இன்று இருக்கிறது. ஹெபடைடிஸ்-சி வைரஸை 1989இல்தான் இனங்கண்டார்கள். அப்பணிக்காக மூவர் 2020இல் நோபல் பரிசு பெற்றனர். இன்று பெரும்பாலோர்க்குப் பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டாலே போதும். நூற்றுக்கு தொண்ணூற்றைந்து பேர் அளவில் குணமாகிறார்கள். 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனையில் அது இலவசம். எங்கள் தெரு அண்ணனின் இரத்தத்திலும் அந்த வைரஸ் இருந்தது. மாத்திரைகளை முடித்தபின் செய்த சோதனையில் இல்லை.

பழக்கத்துக்கான சிகிச்சையில்தான் ஒரு வேடிக்கை. 1990களில் சென்னை இளைஞர்களைக் கெடுத்த அதே புப்ரெநார்பின், இப்போது மருத்துவமனையில் நாவின்கீழ் வைக்கும் மாத்திரையாக, செவிலியர் கண்முன் நாள்தோறும் கொடுக்கப்படுகிறது. மெல்ல ஏறி, நெடுநேரம் நின்று, ஊசியின் ஏக்கத்தை அடக்குகிறது. போதைக்குப் போதையா என்று சிலர் கேட்கிறார்கள். நானும் கேட்டவன்தான், ஆனால் பொருள் ஒன்றேயாயினும் வழியும் அளவும் வேறு என்பதை அறிந்தபின் அக்கேள்வி எனக்கு எழவில்லை. சுத்தமான ஊசியைக் கொடுத்துப் பழைய ஊசியைத் திரும்பப் பெறும் திட்டமும் அப்படியே. பழக்கத்தை உடனே விடமுடியாதவரை, விடும் நாள் வரையில் நோயின்றி உயிரோடு வைத்திருப்பது அதன் நோக்கம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் இப்பணிக்குப் பாதுகாப்பும் அளிக்கிறது.

அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. மதுவால் கணவரை 1979இல் இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், மறு ஆண்டே தொடங்கிய அறக்கட்டளையின் நிலையம் அது. குடிக்கும் போதைக்கும் அடிமையானவரை ஒழுக்கம் கெட்டவராகக் கருதாமல் நோயாளியாக ஏற்று, அவர் குடும்பத்தையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசும் முறை அங்கே உண்டு. போதை மீட்பு ஆலோசனைக்கு மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி 14446, எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097. இராயப்பேட்டை அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் 'நம்பிக்கை மையம்' என்ற பலகையைக் காணலாம். அங்கே எச்.ஐ.வி. இரத்தச் சோதனைக்குக் கட்டணம் இல்லை. சோதனை முடிவு வீட்டுக்கோ கல்லூரிக்கோ போகாது, கேட்டவர் கையில் மட்டுமே கொடுக்கப்படும்.